கையிருப்பு 300, வேலைப் பட்டியலும் 300: கோடையில் எதை முதலில் செய்வது?

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். 12 வயதிலும் 9 வயதிலும் இரண்டு குழந்தைகள். எங்கள் இருவரின் மாத வருமானத்தை 100 பங்கு என்று வைத்துக்கொண்டால் (அவருடையது 60, என்னுடையது 40), வீட்டுக் கடன் தவணை உட்பட மாதச் செலவு 80. மீதம் 20. சேமிப்பில் 300 இருக்கிறது. பள்ளி திறக்கும் நேரத்துச் செலவைத் தனியாக எடுத்து வைத்துவிட்டோம். வீடு கட்டி 40 ஆண்டுகள் ஆகின்றன. இந்தக் கோடை விடுமுறையின் இரண்டரை மாதத்துக்குள் நான்கு வேலைகளை முடிக்க நினைக்கிறோம்: மேல்தளக் கசிவைச் சரிசெய்ய 60, ஐந்து அறைகளுக்கும் பெயிண்ட் அடிக்க 90, சமையலறை அலமாரிகளுக்கு 120, குழந்தைகள் அறையில் படிக்கும் மேசையும் அலமாரியும் செய்ய 30. மொத்தம் 300. சேமிப்பைத் தொட எனக்குப் பயமாக இருக்கிறது. 10 சதவீத ஃபிளாட் வட்டியில் 3 ஆண்டுக் கடன் தருவதாக ஒரு நிறுவனம் சொல்கிறது. கணவரோ, இரண்டு வாரம் சம்பளமில்லா விடுப்பு எடுத்துப் பெயிண்ட் வேலையைத் தானே செய்துவிடுவதாகச் சொல்கிறார். விடுமுறையில் குழந்தைகளுக்குச் செலவு செய்யாமல் சுவருக்குச் செலவு செய்கிறோமே என்ற உறுத்தலும் இருக்கிறது. போன கோடையில் குழந்தைகள் வீட்டில் இருந்ததால் மாதம் 12 பங்கு கூடுதலாகச் செலவானதைக் குறித்து வைத்திருக்கிறேன். என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கும் அந்த 12 பங்குக் கணக்கு. வீட்டு வேலைக்குத் திட்டம் போடும் பலர் இந்த எண்ணைக் குறித்து வைப்பதே இல்லை. உங்கள் கேள்விக்கான விடையில் பாதி அதில்தான் இருக்கிறது.

மாதம் 20 மீதமாகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மற்ற மாதங்களில் அது சரி. ஆனால் கோடையில் குழந்தைகள் நாள் முழுவதும் வீட்டில் இருக்கிறார்கள். மின்விசிறி நிற்பதில்லை, சாப்பாட்டுச் செலவு கூடுகிறது, பயிற்சி வகுப்புக் கட்டணமும் சேர்கிறது. 20-லிருந்து 12 போனால் மீதம் 8. இரண்டரை மாதத்துக்கும் சேர்த்து உங்கள் கையில் மிஞ்சப்போவது 20 பங்கு மட்டுமே. இதை மனத்தில் வைத்துக்கொண்டு அந்தக் கடனைப் பாருங்கள்.

300 பங்குக்கு 10 சதவீத ஃபிளாட் வட்டி என்றால் ஆண்டுக்கு 30, மூன்று ஆண்டுக்கு 90. ஆக மொத்தம் 390-ஐ 36 மாதத்தில் கட்ட வேண்டும். தவணை மாதம் 10.8 வரும். கோடையில் உங்களிடம் மிஞ்சுவதோ 8. முதல் தவணையிலிருந்தே பற்றாக்குறைதான்.

அந்த 10 சதவீதமும் உண்மையில் 10 சதவீதம் இல்லை. நீங்கள் ஒவ்வொரு மாதமும் அசலில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்கிறீர்கள். ஃபிளாட் முறையிலோ கடைசி மாதம் வரை முழு 300-க்கும் வட்டி போடப்படுகிறது. நிலுவை குறையக் குறைய வட்டியும் குறையும் முறைக்கு மாற்றிப் பார்த்தால் இது ஆண்டுக்கு ஏறத்தாழ 18 சதவீதம். உண்மையாகவே 10 சதவீதத்தில் நிலுவைக்கு மட்டும் வட்டி என்றால் மொத்த வட்டி 49-ஐத் தாண்டாது. உங்களிடம் 90 கேட்கிறார்கள். பரிசீலனைக் கட்டணம் என்று 2 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டு 294-ஐக் கையில் கொடுத்தால், வட்டி 19 சதவீதத்தையும் தாண்டிவிடும். வட்டி 90, கட்டணம் 6, ஆக 96 பங்கு. உங்கள் வீடு முழுவதற்கும் பெயிண்ட் அடிக்கும் செலவைவிட அதிகம். தயவுசெய்து இந்தக் கடனை வாங்காதீர்கள்.

வீட்டுக் கடனோடு சேர்த்துக் கூடுதல் கடன் தருகிறோம் என்று உங்கள் வங்கியே அழைக்கக்கூடும். வட்டி குறைவாகத்தான் இருக்கும். ஆனால் 9 சதவீதத்தில் 15 ஆண்டு என்று வைத்துக்கொண்டால், மாதத் தவணை 3 பங்குதான் என்றாலும் வட்டி மட்டும் 248 பங்கு கட்டி முடிப்பீர்கள். இன்று போடும் அலமாரிக்கு உங்கள் இளைய பிள்ளை 24 வயதாகும் வரை தவணை போய்க்கொண்டிருக்கும்.

இனி சேமிப்பு. அதைத் தொட நீங்கள் அஞ்சுவது நியாயமானது. மூன்று முதல் ஆறு மாதச் செலவை அவசரகால நிதியாக வைத்திருக்கச் சொல்வது வழக்கம். உங்களுக்கு அது 240 முதல் 480 வரை. கையில் 300 இருப்பதால் 60 எடுத்தாலும் மூன்று மாதச் செலவு பத்திரமாக இருக்கும். ஒருவர் சம்பளத்தில் ஓடும் குடும்பமாக இருந்தால் இந்த 60-ஐயும் எடுக்க நான் சம்மதித்திருக்க மாட்டேன். நீங்கள் இருவரும் சம்பாதிப்பதால் சம்மதிக்கிறேன். ஆனால் 240 என்ற கோட்டுக்குக் கீழே சமையலறைக்காகவோ சுவரின் நிறத்துக்காகவோ ஒரு பங்குகூட இறங்கக் கூடாது.

ஆகவே இந்தக் கோடையில் நீங்கள் செலவு செய்யக்கூடியது சேமிப்பிலிருந்து 60, மாத மீதத்திலிருந்து 20, ஆக 80 பங்கு. இதில் முதல் உரிமை மேல்தளத்துக்கு. கசிவு மட்டும்தான் காத்திருக்கக் காத்திருக்கச் செலவை வளர்க்கும். பழைய அலமாரி அடுத்த ஆண்டும் பழைய அலமாரியாகவே இருக்கும், அதற்குமேல் ஒன்றும் ஆகாது. கான்கிரீட்டுக்குள் இறங்கிய நீரோ கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தை அடைத்துக்கொள்வதால் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். இன்று 60-ல் முடிகிற வேலை அப்போது கம்பி மாற்றும் வேலையாகிவிடும். தளம் நன்றாகக் காய்ந்திருக்கும்போதுதான் நீர்த்தடுப்புப் பூச்சு பிடிக்கும் என்பதால், மழைக்கு முந்தைய இந்த வாரங்களை விட்டுவிடாதீர்கள்.

மதிப்பீடு 60 என்றால் 69 ஒதுக்குங்கள். பழைய வீட்டில் மேற்பூச்சைக் கொத்திய பிறகுதான் உள்ளே இருப்பது தெரியும். 15 சதவீதம் உபரி வைப்பது அதற்காகத்தான். மூன்று பேரிடம் மதிப்பீடு வாங்குங்கள். எத்தனை சதுர அடி, என்ன பொருள், எத்தனை கோட் என்று மூவரும் எழுதித் தரட்டும். எழுதித் தரத் தயங்குபவரை அத்துடன் விட்டுவிடுங்கள். பணத்தைத் தொடங்கும்போது 30 சதவீதம், பாதி வேலையில் 40 சதவீதம் என்று பிரித்துக் கொடுங்கள். கடைசி 30 சதவீதத்தைத் தளத்தில் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் பார்த்து, கீழே ஈரம் இறங்கவில்லை என்று உறுதியான பிறகுதான் கொடுக்க வேண்டும். எவ்வளவு உயரம் தண்ணீர் கட்டலாம் என்பதைக் கொத்தனாரோ பொறியாளரோ சொல்லட்டும். 5 சென்டிமீட்டர் உயரத் தண்ணீரே ஒரு சதுர மீட்டருக்கு 50 கிலோ எடை. வேலை முடிந்த மறுநாளே அவசரம் என்று முழுப் பணத்தையும் கேட்பார்கள். அவர்களுக்கும் கூலி கொடுக்க வேண்டிய நெருக்கடி இருக்கும், புரிகிறது. ஆனாலும் அந்த ஒரு நாள் பொறுக்கச் சொல்லுங்கள்.

தளத்தைத் திறந்தபின் கம்பி துருப்பிடித்திருப்பது தெரிந்து செலவு இரட்டிப்பானால் என்ன செய்வது? மற்ற வேலைகளை எல்லாம் நிறுத்திவிடுங்கள். அப்போதும் போதாவிட்டால், போதாத தொகைக்கு மட்டும், நிலுவைக்கு வட்டி போடும் இடத்தில், விடுமுறை முடிந்து முதல் தவணை தொடங்குமாறு ஓராண்டுக்குள் முடியும் கடனாக வாங்கலாம். கூரைக்காகக் கடன் வாங்குவதை நான் தவறென்று சொல்ல மாட்டேன்.

உங்கள் கணவரின் யோசனைக்கு வருகிறேன். குடும்பத்துக்காகத் தன் விடுப்பையும் உழைப்பையும் கொடுக்க முன்வருபவரின் கணக்கை மரியாதையோடுதான் பார்க்க வேண்டும். பெயிண்ட் மதிப்பீட்டில் பொருளுக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. பொருள் 35, கூலி 55 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வாரச் சம்பளம் போனால் இழப்பு ஏறத்தாழ 30. ஆக, எல்லாம் நினைத்தபடி நடந்தாலே மிச்சம் 25தான். நினைத்தபடி நடப்பதும் கடினம். தேர்ந்த பெயிண்டர்கள் இருவர் எட்டு நாளில் முடிக்கிற வேலை என்றால் அது 16 ஆள் நாள். பழக்கமில்லாத ஒருவர் ஓய்வே எடுக்காமல் 14 நாள் உழைத்தாலும் ஐந்து அறை முடியாது. பட்டி பார்ப்பதும் தேய்ப்பதும்தான் இந்த வேலையில் பாதிக்கு மேல். பாதியில் நிற்கும் வீட்டை முடிக்க ஆளைக் கூப்பிட்டால் கூலியும் போகும், சம்பளமும் போகும்.

அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. கசிவில் ஊறிய சுவருக்கு இப்போது பெயிண்ட் அடிக்கவே கூடாது. எங்கள் வீட்டில் நாங்கள் இதே தவற்றைச் செய்தோம். சுவரை முதலில் அழகாக்கிவிட்டுத் தளத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தோம். அடுத்த மழையில் உப்புப் பூத்து, புதுப் பெயிண்ட் பாளம் பாளமாக உரிந்து விழுந்தது. அந்தச் சுவருக்கு இரண்டு முறை பணம் கொடுத்தோம். கசிவை அடைத்த பிறகும் உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வாரக்கணக்கில் ஆகும். புதிதாகப் பூசிய சிமெண்ட் பூச்சுக்கே 28 நாள் போல விட்டுவைக்கச் சொல்வார்கள். சந்தேகம் இருந்தால், முழங்கை நீளத்துக்கு ஒரு சதுரப் பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரங்களிலும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். உள்பக்கம் நீர் முத்துகள் தெரிந்தால் சுவர் இன்னும் காயவில்லை.

ஆகவே விடுப்பு வேண்டாம். ஆனால் அவருடைய ஆர்வம் வீணாகவும் வேண்டாம். குழந்தைகள் அறை கசிவுக்குக் கீழே இல்லாமல், சுவர் காய்ந்திருந்தால், அந்த ஓர் அறையை மட்டும் வார இறுதிகளில் அவரும் பிள்ளைகளும் எடுத்துக்கொள்ளட்டும். பொருளுக்கு 7 பங்கு போதும். மூன்று மீட்டருக்கு மூன்றரை மீட்டர் அறை, மூன்று மீட்டர் உயரம் என்றால், கதவு சன்னல் போக ஏறத்தாழ 34 சதுர மீட்டர் சுவர். இரண்டு கோட்டுக்கு 68. வழவழப்பான சுவரில் ஒரு லிட்டர் பெயிண்ட் ஒரு கோட்டுக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் வரை வரும் என்பதால் 6 முதல் 7 லிட்டர் போதுமானது. கடையில் பெரிய வாளியாக எடுத்துக்கொள்ளச் சொன்னால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

ஓர் எச்சரிக்கை. 40 ஆண்டுப் பழைய வீட்டில் அடியில் இருக்கும் பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. குழந்தைகளைப் பொறுத்தவரை ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். கடையில் கிடைக்கும் சோதனைப் பட்டையால் முதலில் பாருங்கள். ஈயம் தெரிந்தால் அதைச் சுரண்டுவதும் தேய்ப்பதும் தெரிந்த ஆளின் வேலை, வீட்டாரின் வேலை இல்லை. ஈயம் இல்லாவிட்டாலும் தேய்க்கும் நேரத்தில் பிள்ளைகள் அந்த அறையில் இருக்க வேண்டாம். அவர்கள் பங்கு ரோலர் எடுக்கும்போது தொடங்கட்டும்.

தச்சர் கேட்ட 30-ஐ இப்போது கொடுக்க வேண்டாம். மேசை காத்திருக்கட்டும். சுவரில் பதிக்கும் எளிய புத்தகப் பலகைகளுக்கு 4 பங்கு ஒதுக்குங்கள். 69, 7, 4 சேர்ந்தால் 80. பெயிண்டுக்கும் பலகைக்குமான 11 பங்கையும் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உங்கள் 12 வயதுப் பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள். கடையில் விலை கேட்பது, அளவு எடுப்பது, நிறத்துக்காகத் தம்பியோ தங்கையோடு சண்டை பிடித்துச் சமாதானமாவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. குழந்தைகளுக்குச் செலவு செய்யவில்லையே என்று வருந்தினீர்களே, இது அவர்களுக்கான செலவுதான். அவர்களுக்காக ஒதுக்கும் மாதம் 12 பங்கிலும் கை வைக்காதீர்கள். வீட்டு வேலைக்காக அவர்களுடைய வகுப்பை நிறுத்துவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

கோடை முடிந்த பின் மாதம் 20 மீண்டும் மிஞ்சும். முதல் மூன்று மாதத்தில் சேமிப்பை 300-க்குத் திருப்புங்கள். அடுத்த நான்கு மாதத்தில் மீதி நான்கு அறைகளின் பெயிண்ட் செலவான 72 சேர்ந்துவிடும். அதற்குள் சுவர்களும் காய்ந்திருக்கும். அதன்பிறகு சமையலறைக்குச் சேர்க்கத் தொடங்கினால், அடுத்த கோடையில் மீதம் 8-ஆகக் குறைவதையும் கணக்கில் எடுத்தே, இன்றிலிருந்து 17ஆம் மாதத்தில் 120 முழுதாகக் கையில் இருக்கும்.

அப்போது அலமாரிக் கடையில் “வட்டியே இல்லை, 12 மாதம் 10, 10-ஆகக் கட்டுங்கள்” என்பார்கள். ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவு என்று கேளுங்கள். 110 என்று சொன்னால், அந்த வட்டியில்லாத் தவணையின் உண்மையான வட்டி ஆண்டுக்கு 16 சதவீதத்துக்குச் சற்று மேல். உங்களிடம் ரொக்கம் இருக்கும். 110 கொடுத்து வாங்கிவிட்டு, மிஞ்சும் 10-ஐ இப்போது தள்ளிப்போட்ட படிக்கும் மேசைக்கு எடுத்து வையுங்கள்.