அதிகாரிக்கு உங்களைத் தெரியாது

வாசகர் கேள்வி – பதில்

வெளிநாட்டில் இருக்கும் துணையோடு போய்ச் சேர்வதற்கான விசா பற்றி இந்த மாதம் கடிதங்கள் குவிந்துவிட்டன. குடிவரவு வழக்கறிஞர் ஒருவரின் அலுவலகத்தில் வெகுகாலம் இத்தகைய கோப்புகளைத் தொகுத்துக் கொடுத்தவள் என்பதால் ஆசிரியர் மொத்தக் கட்டையும் என் மேஜைக்குத் தள்ளிவிட்டார். எல்லாவற்றுக்கும் பக்கம் போதாது. பலருக்கும் பயன்படக்கூடியவற்றை எடுத்துக்கொள்கிறேன். பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

கேள்வி: அம்மா, என் கணவர் ஆஸ்திரேலியக் குடியுரிமை பெற்றவர். எங்களுக்குத் திருமணமாகி ஏழு மாதம் ஆகிறது. மூன்று வாரம் சேர்ந்திருந்தோம். பிறகு அவர் வேலைக்குத் திரும்பிவிட்டார். கூட்டு வங்கிக் கணக்கு கிடையாது. இருவர் பெயரிலும் வாடகை ஒப்பந்தம் கிடையாது. திருமண ஆல்பம் மட்டும் பெரிதாக இருக்கிறது. நம்புவார்களா? அலைபேசி உரையாடல்களையும் அனுப்ப வேண்டுமா?

பதில்: ஆல்பத்திலிருந்து பத்துப் பதினைந்து படங்களை எடுத்துக்கொண்டு மூடி வைத்துவிடுங்கள். திருமணம் நடந்தது என்பதைப் பதிவுச் சான்றிதழே சொல்லிவிடும். அதற்கு மறுநாளிலிருந்து நீங்கள் இருவரும் எப்படி வாழ்கிறீர்கள் என்பதுதான் அதிகாரி பார்க்க விரும்புவது.

நீங்கள் கேட்பது 309 என்ற தற்காலிக விசா. அதோடு 100 என்ற நிரந்தர விசாவுக்கும் ஒரே விண்ணப்பம்தான். விண்ணப்பிக்கும்போது நீங்கள் ஆஸ்திரேலியாவுக்கு வெளியே இருக்க வேண்டும். உறவை நான்கு கோணங்களில் பார்ப்பார்கள்: பணம், வீட்டு வாழ்க்கை, ஊரும் உறவும் உங்களைத் தம்பதியாக அறிந்திருப்பது, ஒருவர் மீது ஒருவருக்கு இருக்கும் உறுதி. நான்கிலும் நூற்றுக்கு நூறு வாங்க வேண்டும் என்று விதி இல்லை. ஒன்றில் கை வெறுமையாக இருந்தால் ஏன் வெறுமை என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

சேர்ந்து வாழவில்லையே என்ற கவலையை முதலில் விடுங்கள். கணவன் மனைவி என்றால் சேர்ந்து வாழ வேண்டும், அல்லது நிரந்தரமாகப் பிரிந்து வாழாதவர்களாக இருக்க வேண்டும் என்பதுதான் அந்நாட்டுக் குடிவரவுச் சட்டம் சொல்வது. வேலைக்காக ஒருவர் அங்கும் விசாவுக்காக ஒருவர் இங்கும் இருப்பது நிரந்தரப் பிரிவு ஆகாது. சேர்ந்திருந்த மூன்று வாரத்தைப் பற்றி ஒரு பத்தியாவது எழுதுங்கள். எந்த வீட்டில், யார் யாரோடு இருந்தீர்கள், செலவை யார் பார்த்துக்கொண்டார், நீங்கள் அங்கே போனால் எங்கே குடியிருக்கப் போகிறீர்கள், இதெல்லாம் அதில் வரட்டும்.

பண விஷயத்தில் கூட்டுக் கணக்கு ஒன்றே சாட்சி என்று நினைக்கிறவர்கள் அதிகம். விண்ணப்பிக்கும் வாரத்தில் அவசரமாகத் தொடங்கி, இருவரும் ஒரு முறை பணம் போட்டுவிட்டு மறந்த கணக்கை நிறையப் பார்த்திருக்கிறேன். அதைப் பார்க்கும் அதிகாரிக்குச் சிரிப்புத்தான் வரும். அவர் உங்களுக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிறாரா? அதன் ரசீதுகளை வையுங்கள். தம் சூப்பர் நிதியில், அதாவது ஓய்வூதியச் சேமிப்பில், தமக்குப் பின் அந்தப் பணம் சேர வேண்டியவராக உங்கள் பெயரைக் கொடுத்திருக்கிறாரா? ஆல்பத்தில் உள்ள எந்தப் படத்தையும் விட அந்த ஒரு தாள் அதிகம் பேசும்.

அலைபேசி உரையாடல்களையும் கேட்டிருக்கிறீர்கள். ஆயிரம் பக்கத்தை அச்சடித்து அனுப்பாதீர்கள். மாதத்துக்கு இரண்டு மூன்று பக்கம், தேதி தெரியும்படி இருந்தால் போதும். இதய வடிவங்கள் நிறைந்த பக்கங்களாகப் பொறுக்குவதுதான் எல்லோரும் செய்வது. ஒரு கோப்பில் மனைவியின் பல்வலி பற்றி நான்கு நாள் நடந்த உரையாடல் இருந்தது. மாத்திரை போட்டாயா, டாக்டர் பிடுங்கச் சொன்னாரா, உன் அண்ணன் கூட வந்தாரா, நான் அனுப்பிய பணம் ஏறிவிட்டதா. நடுவில் ஒரு சின்னச் சண்டை கூட உண்டு. அந்த நான்கு பக்கத்தில் பணமும் குடும்பமும் அக்கறையும் ஒன்றாக வந்துவிட்டன. அப்படிப்பட்ட பக்கங்களைத் தேடுங்கள்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். நீங்களும் அவரும் தனித்தனியாக ஒரு விளக்கக் கடிதம் எழுத வேண்டியிருக்கும். எப்போது அறிமுகம், எப்போது முடிவு, எப்போது திருமணம், அதன் பிறகு என்ன என்று. கோப்பு தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். ஒரு தம்பதியில் மனைவி மார்ச்சில் அறிமுகமானோம் என்றும் கணவர் மே மாதம் என்றும் எழுதியிருந்தார்கள். இருவருமே உண்மைதான் சொன்னார்கள். புகைப்படம் கைமாறிய நாளை மனைவி கணக்கில் வைத்திருந்தார், முதன்முதலில் பேசிய நாளைக் கணவர் வைத்திருந்தார். உங்கள் வீட்டாருக்கு இது புரியும். காகிதத்தை மட்டும் பார்க்கிறவருக்கு இது முரண்பாடு. எனவே எழுத உட்காரும் முன் இருவரும் ஒரு தாளில் தேதிகளை மட்டும் வரிசையாகப் போட்டுக்கொள்ளுங்கள். வாசகங்கள் மட்டும் அவரவருடையதாக இருக்கட்டும். ஏஜென்ட் கொடுக்கும் மாதிரிக் கடிதத்தைப் பெயர் மாற்றி அனுப்பாதீர்கள். அதே வரிகள் அந்த அதிகாரியின் மேஜைக்கு ஏற்கெனவே பலமுறை வந்திருக்கும்.

888 என்ற படிவத்தில் உங்கள் இருவரையும் அறிந்த, 18 வயது நிரம்பிய இருவர் சாட்சி எழுத வேண்டும். ‘மிகவும் அன்பான தம்பதி’ என்று எழுதுகிற பிரமுகரை விட, உங்கள் கணவரோடு ஒரே வீட்டில் தங்கியிருந்து, நீங்கள் தினமும் பேசுவதைக் காதால் கேட்ட நண்பர் மேல்.

கட்டணம் 2025 ஜூலையில் 9,365 ஆஸ்திரேலிய டாலர் ஆனது. மருத்துவப் பரிசோதனையும் காவல்துறைச் சான்றிதழும் தனிச் செலவு. மறுத்துவிட்டால் பணம் திரும்பாது. ஆகவே ஒரு மாதம் தாமதமானாலும் கோப்பை ஒழுங்காகக் கட்டிவிட்டு அனுப்புங்கள். விண்ணப்பித்த நாளிலிருந்து 2 ஆண்டுகள் ஆன பிறகு நிரந்தர விசாவுக்காக மறுபடியும் உறவைப் பரிசீலிப்பார்கள். அதுவரை ரசீதுகளைச் சேர்த்துக்கொண்டே இருங்கள்.

கேள்வி: மேடம், என் மனைவி பிரிட்டனில் நிரந்தரக் குடியுரிமை பெற்றவர். வருடத்துக்கு 26,500 பவுண்டு சம்பளம். துணை விசாவில் என்னை அழைத்துக்கொள்ள 29,000 தேவை என்கிறார்கள். எனக்கு இங்கே அவரை விட அதிக வருமானம். இரண்டையும் கூட்டிக் காட்டலாமா?

பதில்: கூடாது, தம்பி. அநியாயமாகத் தோன்றும், ஆனால் விதி அதுதான். வெளியிலிருந்து முதன்முதலாக விண்ணப்பிக்கும்போது உங்கள் வெளிநாட்டுச் சம்பளத்துக்கு மதிப்பு பூஜ்யம். அதை விட்டுவிட்டு நீங்கள் அங்கே வருவீர்கள் என்பது அவர்கள் கணக்கு. 2012 முதல் 18,600 ஆக இருந்த வரம்பு 2024 ஏப்ரல் 11 அன்று 29,000 ஆகத் தாவியது. வரம்பு வைப்பது சட்டப்படி சரிதானா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், கொள்கையளவில் அது செல்லும் என்று 2017-இல் தீர்ப்பாகிவிட்டது.

உங்களுக்கு வழி சேமிப்பில் இருக்கிறது. சம்பளத்துக்கு மதிப்பில்லாவிட்டாலும் உங்கள் சேமிப்புக்கு மதிப்பு உண்டு. குறைகிற தொகை 2,500 பவுண்டு. அதை இரண்டரையால் பெருக்கினால் 6,250. அதோடு 16,000 சேருங்கள். ஆக 22,250 பவுண்டுக்கு ஈடான ரொக்கம் உங்கள் பெயரிலோ அவர் பெயரிலோ, இருவர் பெயரிலுமோ 6 மாதம் தொடர்ந்து இருக்க வேண்டும். பெற்றோர் அன்பளிப்பாகக் கொடுத்தால் ஏற்பார்கள், கடனாக இருந்தால் ஏற்க மாட்டார்கள். 6 மாதத்தில் ஒரே ஒரு நாள் அந்தத் தொகைக்குக் கீழே இறங்கினாலும் கணக்கு கெட்டது. நிலத்தையும் நகையையும் காட்டாதீர்கள், அவை ரொக்கம் ஆகா.

மனைவியிடம் சொல்லுங்கள்: 6 மாதச் சம்பளச் சீட்டும் அதே 6 மாத வங்கி ஸ்டேட்மென்ட்டும் வேண்டும். சீட்டில் உள்ள கைக்கு வந்த தொகை, ஸ்டேட்மென்ட்டில் அதே பைசா அளவுக்கு ஏறியிருக்க வேண்டும். கடைசி ஸ்டேட்மென்ட் விண்ணப்பிக்கும் நாளுக்கு 28 நாளுக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. நான் முதலில் விரலை வைத்துப் பார்ப்பது இந்த வரிகளைத்தான். அவர் உடல் ஊனத்துக்கான உதவித்தொகை ஏதாவது பெறுகிறார் என்றால் 29,000 என்ற வரம்பே பொருந்தாமல் போகலாம். அப்படியானால் மறுபடியும் எழுதுங்கள்.

கேள்வி: நாங்கள் திருமணம் செய்துகொள்ளவில்லை. சேர்ந்து வாழ்கிறவர்களுக்கு விசா உண்டா?

பதில்: நாட்டைப் பொறுத்தது. ஆஸ்திரேலியாவில் பொதுவாக 12 மாத இணை வாழ்வைக் காட்ட வேண்டும். அங்குள்ள சில மாநிலங்களில் உறவைப் பதிவு செய்துகொண்டால் அந்த 12 மாதம் தளர்த்தப்படும். கனடாவில் ஒரு வருடம் தொடர்ந்து ஒரே கூரையின் கீழ் இருந்திருக்க வேண்டும். பிரிட்டன் கேட்பது திருமணம் போன்ற 2 வருட உறவு. அமெரிக்காவில் மணமாகாத துணைக்கென விசா இல்லை. மணம் பேசியவர்களுக்கு கே-1 என்ற விசா உண்டு. அதற்கு மனு போடும் நாளுக்கு முந்தைய 2 வருடத்துக்குள் இருவரும் நேரில் சந்தித்திருக்க வேண்டும், போய் இறங்கி 90 நாளுக்குள் திருமணம் முடித்தாக வேண்டும்.

கேள்வி: சில வருடங்களுக்கு முன் எனக்கு ஒரு சுற்றுலா விசா மறுக்கப்பட்டது. அது வேறு நாடு. படிவத்தில் ‘இல்லை’ என்று குறிக்கச் சொல்கிறார் ஏஜென்ட்.

பதில்: ஏஜென்டை மாற்றுங்கள். ஆஸ்திரேலியா, பிரிட்டன், கனடா, அமெரிக்கா, நியூசிலாந்து ஆகிய ஐந்து நாடுகளும் குடிவரவுத் தகவல்களைப் பகிர்ந்துகொள்கின்றன. பழைய மறுப்பு ஒரு பத்தியில் விளக்கிவிடக்கூடியது. மறைத்தது தெரிந்தால், ஆஸ்திரேலியாவில் 3 வருடத் தடை வரலாம், பிரிட்டனில் 10 வருடம். அமெரிக்காவில் ஆயுள் முழுவதும் கூட நுழைய முடியாமல் போகலாம். அந்தத் தடையை ஏஜென்ட் அனுபவிக்கப் போவதில்லை. முந்தைய திருமணம், விவாகரத்து, அதில் பிறந்த குழந்தை எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்.

கேள்வி: அம்மா, பெயர் வேண்டாம். விசா கிடைத்து அவரோடுதான் இருக்கிறேன். கோபம் வந்தால் கை ஓங்குகிறார். “ஸ்பான்சரை ரத்து செய்தால் அடுத்த விமானத்தில் நீ போக வேண்டியதுதான்” என்கிறார். உண்மையா?

பதில்: இல்லை, மகளே. அவர் நினைக்கிற அதிகாரம் அவரிடம் இல்லை. எந்த நாடு என்று நீங்கள் எழுதவில்லை. அதனால் நான்கு நாடுகளின் விதியையும் சொல்கிறேன்.

ஆஸ்திரேலியாவின் துணை விசா விதிகளில் குடும்ப வன்முறைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. உறவு முறிந்துவிட்டாலும் நிரந்தர விசாவுக்கான பரிசீலனை தொடர வழி உண்டு. அடி மட்டுமே வன்முறை என்று அங்கே கருதுவதில்லை. பயமுறுத்துவதும் பணத்தைப் பிடித்துவைப்பதும் அதில் சேரும். பிரிட்டனில் துணை விசாவில் வந்தவர் வீட்டு வன்முறையால் பிரிந்தால் நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்குத் தாமே விண்ணப்பிக்கலாம். அதற்கு முன் செலவுக்கு வழியில்லாதவர்களுக்கு 3 மாதத் தற்காலிக அனுமதியும், அரசு உதவித்தொகை கேட்கும் உரிமையும் உண்டு. அமெரிக்காவில் குடியுரிமை பெற்றவரோ கிரீன் கார்டு வைத்திருப்பவரோ கொடுமை செய்தால், அவருக்குத் தெரியாமலேயே மனைவி தாமாக மனு போடலாம். நிபந்தனையோடு வந்த 2 வருட கிரீன் கார்டாக இருந்தால், கணவரின் கையெழுத்து இல்லாமலே நிபந்தனையை நீக்கக் கேட்கலாம். கனடாவில் நிரந்தரக் குடியிருப்பு உரிமையோடு வந்திருந்தால், 2 வருடம் சேர்ந்து வாழ வேண்டும் என்ற பழைய நிபந்தனையே 2017-இல் எடுக்கப்பட்டுவிட்டது.

இப்போது செய்ய வேண்டியவை. உங்கள் பாஸ்போர்ட் யார் கையில் இருக்கிறது? அவரிடம் என்றால், விசா வழங்கிய கடிதத்தையும் பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தையும் படம் எடுத்து, அவர் பார்க்க முடியாத ஒரு மின்னஞ்சலுக்கு அனுப்பி வையுங்கள். விண்ணப்பம் அவருடைய மின்னஞ்சல் மூலம் போயிருந்தால் குடிவரவுத் துறையின் கடிதங்கள் அவருக்குத்தான் போகும். தொடர்பு முகவரியை மாற்றச் சொல்லி நீங்களே எழுதலாம், அது உங்கள் உரிமை. காயம் இருந்தால் மருத்துவரிடம் காட்டி, எப்படி ஏற்பட்டது என்று உள்ளபடியே சொல்லுங்கள். மருத்துவர் எழுதும் அந்தக் குறிப்பு பின்னால் மிகவும் உதவும். அவர் அனுப்பிய மிரட்டல் செய்திகளை அழிக்காதீர்கள். வீட்டை விட்டு வெளியேறும் முடிவை உதவி அமைப்பு ஒன்றோடு பேசிவிட்டு எடுங்கள். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் பேச்செல்லாம் பிறகு, உடனே அவசர எண்ணை அழையுங்கள். ஆஸ்திரேலியாவில் 000, பிரிட்டனில் 999, அமெரிக்காவிலும் கனடாவிலும் 911. ‘தமிழ்’ என்று மொழியின் பெயரைச் சொல்லி மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள்.

நாட்டின் பெயரையும் விசாவின் வகையையும் மட்டும் எனக்கு எழுதுங்கள். அந்தப் பதிலை இங்கே அச்சிட மாட்டோம், நீங்கள் சொல்லும் பாதுகாப்பான முகவரிக்கு அனுப்புகிறேன்.