வாசகர் கேள்வி – பதில்: கைக்கு அடங்கிய செலவில் கோல்ஃப்

கேள்வி: கொழிஞ்சாம்பாறைக்கு அருகே ஒரு கயிறு ஆலையில் கணக்கராக இருக்கிறேன். ஆலை முதலாளி விருந்தினராக அழைத்துச் செல்வதால், எட்டு மாதங்களாக, மாதம் ஒரு முறை கோவை செட்டிபாளையம் மைதானத்தில் கோல்ஃப் ஆடும் வாய்ப்புக் கிடைக்கிறது. பழைய மட்டைகள் ஏழு வைத்திருக்கிறேன். 18 குழிகளிலும் பந்தைப் போட்டு முடிக்க, நான் மட்டையால் அடிக்கும் அடிகள் 120க்குக் குறைவதில்லை. டிரைவர் என்னும் நீண்ட மட்டையால் அடிக்கும் பந்து வலப்பக்கம் வளைந்து புதருக்குள் போய்விடுகிறது. மாதம் 2,000 ரூபாய்க்கு மேல் என்னால் ஒதுக்க இயலாது. சிறுகச் சேர்த்துப் புது டிரைவர் வாங்கினால் ஆட்டம் திருந்துமா?
– ஒரு வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: திருந்தாது, அந்தப் பணத்தை வேறு வழியில் செலவிடுங்கள். வலக்கை ஆட்டக்காரரின் பந்து வலப்பக்கம் வளைவதற்குக் காரணம், பந்தைத் தொடும் கணத்தில் மட்டையின் முகம், அது வீசப்படும் பாதையைக் காட்டிலும் வலப்புறமாகத் திறந்திருப்பதுதான். இந்தப் பிழை கையில் இருக்கும் வரை, புது மட்டையும் பந்தைப் புதருக்குத்தான் அனுப்பும். பெரும்பாலான புதியவர்களிடம் இது பிடியில் தொடங்குகிறது. இடக்கையால் மட்டையைப் பிடித்துக் குனிந்து பாருங்கள்: அந்தக் கையின் விரல் முட்டிகளில் குறைந்தது இரண்டு கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஒன்று மட்டுமே தெரிந்தால், கையைச் சற்று வலப்புறம் திருப்பி, உள்ளங்கையில் அன்றி விரல்களில் மட்டை படியும்படி பிடியுங்கள். இது முதல் சில நாட்களுக்குக் கைக்குப் பொருந்தாதது போலத் தோன்றும், பொறுத்துக்கொள்ளுங்கள். டிரைவரை ஆறு மாதம் வீட்டிலேயே வைத்துவிட்டு, தூரத்துக் குழிகளிலும் 7 அயர்ன் என்னும் நடுத்தர இரும்பு மட்டையால் தொடங்குங்கள். தூரம் குறைந்தாலும் பந்து தொலையாது. தொலையும் ஒவ்வொரு பந்துக்கும் விலை ஒருபுறம், தண்டனையாகக் கணக்கில் சேரும் தண்ட அடி மறுபுறம்.

ஆனால் உங்கள் 120 அடிகளில் பெரும்பகுதி டிரைவரால் வந்ததாக நான் நினைக்கவில்லை. 72 அடிகளை அளவாகக் கொண்ட மைதானத்தில், ஒரு குழிக்கு இரண்டு வீதம் 36 அடிகள், குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையான கிரீனில், பட்டர் என்னும் உருட்டு மட்டையால் உருட்டுவதற்கென்றே கணக்கிடப்பட்டுள்ளன. அதாவது சரிபாதி. நீங்கள் கணக்கர், அடுத்த முறை மைதானத்துக்குப் போகும்போது, ஒவ்வொரு குழிக்கும் எதிரே பட்டர் அடிகள் எத்தனை, கிரீனுக்கு 50 கெஜத்துக்குள் வந்தபின் அதன்மேல் ஏற்றுவதற்கு ஆன அடிகள் எத்தனை, தண்ட அடிகள் எத்தனை என்று மூன்று பத்திகளில் எழுதிக்கொள்ளுங்கள். பேரேட்டைப் போல அந்தத் தாள் உண்மையைச் சொல்லும். என் தொடக்க காலத்தில் நான் அப்படி எழுதிப் பார்த்தபோது, கிரீனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அதன்மேல் பந்தை ஏற்ற முடியாமல் நான் வீணாக்கிய அடிகள்தான் மற்ற இரண்டையும் விட அதிகமாக இருந்தன.

இந்த அடிகளைத் திருத்த மைதானம் தேவையில்லை. மொசைக் தரையில் பந்து கட்டுப்பாடின்றி ஓடும் என்பதால், கூடத்தில் ஒரு ஜமக்காளத்தைச் சுருக்கமின்றி விரித்து, மறுகோடியில் ஒரு எவர்சில்வர் டம்ளரைப் படுக்க வையுங்கள். கோல்ஃப் குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். டம்ளரின் வாய் அதைவிடக் குறுகியது. டம்ளருக்குப் பழகிய கண்ணுக்கு மைதானத்துக் குழி அகலமாகத் தெரியும். பந்துக்கு ஒரு சாண் முன்னால், பந்து நுழையும் அளவு இடைவெளி விட்டு இரண்டு நாணயங்களை வைத்து, அவற்றில் படாமல் உருட்டப் பழகுங்கள். இரவில் பத்து நிமிடம் போதும்; நாள் தவறாமல் செய்வதுதான் முக்கியம். வீட்டுக்குப் பின்னால் வெற்றிடம் இருந்தால், ஒரு சாக்கை விரித்து, பத்துக் கெஜம், பதினைந்து கெஜம், இருபது கெஜம் என்று மாற்றி மாற்றி நின்று, பந்து அதன்மேல் விழும்படி வெட்ஜ் என்னும் சாய்முக மட்டையால் தூக்கிப் போடுங்கள். கோல்ஃப் பந்து கல்லைப் போன்றது. குழந்தைகள் நடமாடும் இடத்தில் முழு வீச்சு வேண்டவே வேண்டாம்.

மட்டைகளைப் பொறுத்தவரை உங்களிடம் இருப்பதே மிகுதி. விதிகள் 14 வரை அனுமதிக்கின்றன, அவ்வளவுதான். 14 வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. ஸ்பெயினின் கோல்ஃப் வீரர் செவே பாயஸ்டெரோஸ் சிறுவனாக இருந்தபோது, ஒரே ஒரு 3 அயர்னை வைத்துக்கொண்டு, தன் ஊர்க் கடற்கரை மணலில் எல்லா வகை அடிகளையும் கற்றார். பின்னாளில் பிரிட்டிஷ் ஓப்பனை மூன்று முறை வென்றார். பந்துகளையும் புதிதாக வாங்காதீர்கள். வெட்டுப்படாத பழைய பந்துகளே போதும். ஒரே வகைப் பந்தாகப் பார்த்து எடுங்கள், அப்போதுதான் கை அதற்குப் பழகும். இப்படி மிச்சமாகும் தொகையைச் சில மாதங்கள் சேர்த்து, தகுதியான பயிற்றுநரிடம் ஒரே ஒரு அமர்வுக்குச் செல்லுங்கள். பிடி, நிற்கும் நிலை, பந்தை வைக்கும் இடம் ஆகிய மூன்றை மட்டும் பார்த்துத் திருத்தச் சொல்லுங்கள். அவர் அனுமதித்தால் கைப்பேசியில், எதிரிலிருந்து ஒரு முறையும், இலக்கை நோக்கிய கோட்டில் பின்னாலிருந்து ஒரு முறையும் படம் எடுத்துவைத்து, வீட்டில் எடுக்கும் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

உங்கள் பகுதிக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை நான் சொல்லி நீங்கள் அறிய வேண்டியதில்லை. எதிர்க்காற்றில் எல்லோரும் செய்யும் தவறு, பலங்கொண்ட மட்டும் அடிப்பது. ஓங்கி அடிக்க அடிக்கப் பந்தின் பின்சுழற்சி கூடுகிறது. அந்தச் சுழற்சியே பந்தை மேலே தூக்குவதால், காற்றில் எழும்பி, முன்னேறாமல் விழுந்துவிடுகிறது. 9 அயர்ன் எடுக்க வேண்டிய இடத்தில், பந்தை அதைவிடத் தாழ்வாகவும் தூரமாகவும் அனுப்பும் 7 அயர்னை எடுத்து, சற்றுக் கீழே பிடித்து, முக்கால் வீச்சில் நிதானமாக அடியுங்கள்.

மட்டைப் பையைச் சுமந்து உடன் வரும் கேடிக்குக் கொடுக்கும் கூலியில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். அந்த கிரீன் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது அவருக்குத் தினசரிப் பழக்கம். 1991ஆம் ஆண்டு இந்தியன் ஓப்பனை வென்ற அலி ஷேர் கேடியாக இருந்தவர். 2009இல் வென்ற பெங்களூரின் சின்னசாமி முனியப்பாவும் அப்படியே. பையைச் சுமப்பவரை "அண்ணா, இந்த இடத்தில் நீங்கள் எந்த மட்டையை எடுப்பீர்கள்?" என்று கேளுங்கள். மாதம் ஒரு முறை கிடைக்கும் அந்த நாலு மணி நேரத்தில், உங்களுக்கு அதைவிட மலிவான பாடம் இல்லை.

கேள்வி: தென்னந்தோப்பில் கயிற்றுப் பாய் விரித்துப் பழகுகிறேன். பாயில் பந்து அழகாகப் பறக்கிறது. புல்லில் அதே அடி மண்ணைக் கிளறுகிறது. ஏன்?
– ஒரு வாசகர், கோவிந்தாபுரம்

பதில்: பாய் உங்கள் தவறை மறைத்துவிடுகிறது. பந்துக்கு முன்பே மட்டை தரையைத் தொட்டாலும், பாயின்மேல் அது சறுக்கிச் சென்று பந்தை அடித்துவிடும். மண்ணில் சறுக்காது, குத்தி நிற்கும். பாயைச் சுருட்டிவிட்டு, இளகிய மண்ணில் மட்டை நுனியால் ஒரு கோடு கிழியுங்கள். பந்து வைக்காமல், கோட்டுக்கு இருபுறமும் கால் ஊன்றி நின்று வீசுங்கள். மண் பெயரும் இடம் கோட்டிலோ, அதற்கு இலக்குப் பக்கத்திலோ தொடங்க வேண்டும். கோட்டுக்குப் பின்னால் பெயர்ந்தால், உடல் எடை பின்காலிலேயே தங்கிவிட்டது என்று பொருள். பத்து வீச்சில் ஏழு சரியாக விழுந்த பிறகு பந்தை வையுங்கள். தரை ஈரமாக இருக்கும் நாட்களில் இதைச் செய்தால் மணிக்கட்டு நோகாது.

கேள்வி: மூணாறில் தேயிலைத் தோட்ட அலுவலகத்தில் பணிபுரிகிறேன். பதினோரு வயது மகள் கோல்ஃப் கற்க ஆசைப்படுகிறாள். என் பழைய மட்டைகளை வெட்டிக் குட்டையாக்கிக் கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, மூணாறு

பதில்: நீளம் குறையும், ஆனால் தலையின் எடை அப்படியே இருக்கும், வெட்டிய தண்டு இன்னும் விறைத்துப்போகும். அதை வீசுவதற்காகக் குழந்தை முதுகை வளைத்துப் பழகினால், பின்னால் திருத்துவது கடினம். சிறுவருக்கென்று செய்த இலகுவான 7 அயர்ன் ஒன்றும் பட்டர் ஒன்றும் பழையதாகக் கிடைத்தால் வாங்குங்கள். பட்டரை மட்டும் வெட்டிக் கொடுத்தாலும் குற்றமில்லை, அதற்கு வீச்சு சிறியது. உயரம் நாலு விரல் கூடும்போதெல்லாம் மட்டையின் அளவைப் பாருங்கள்.