ஐ.பி. டிப்ளோமாவில் வரலாறு எடுக்கலாமா, பொருளியல் எடுக்கலாமா?

வரலாறு முழுக்க மனப்பாடம், பொருளியல் சுலபமாக மார்க் தரும் என்கிறார்களே, உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். (ஐ.பி. என்பது இன்டர்நேஷனல் பேக்கலாரியேட், அதன் டிப்ளோமா பள்ளியின் கடைசி இரண்டு வருடப் படிப்பு.) நான் வரலாற்றை எச்.எல்.லிலும் (உயர்நிலை) பொருளியலை எஸ்.எல்.லிலும் (சாதாரண நிலை) படித்தவன். இரண்டும் 'தனிமனிதர்களும் சமூகங்களும்' என்ற மூன்றாம் குழுவில்தான் வருகின்றன. கலைப் பாடம் வேண்டாம் என்றால், அந்த இடத்தில் இதே குழுவிலிருந்து இன்னொரு பாடத்தை வைத்துக்கொள்ளலாம். நான் அப்படித்தான் இரண்டையும் எடுத்தேன்.

வரலாற்றை மனப்பாடம் என்பவர்கள் முதல் தாளைப் பார்த்திருக்க மாட்டார்கள். நான்கு மூலச்சான்றுகளைக் கையில் கொடுத்துவிடுவார்கள். அவற்றில் ஒன்று எங்கிருந்து வந்தது, எதற்காக எழுதப்பட்டது, என்ன சொல்கிறது என்று பார்த்து, அதன் பயனையும் வரம்பையும் சொல்ல வேண்டும். ஒரு அமைச்சர் பாராளுமன்றத்தில் பேசியதும் அவரே நண்பருக்கு எழுதிய கடிதமும் ஒன்றாகுமா? அங்கே தேதிகள் தெரிந்திருப்பது பெரிதாக உதவாது. இரண்டாம் தாளில் விஷயம் தெரிந்திருக்க வேண்டும்தான். ஆனால் சர்வாதிகார அரசுகளைப் பற்றிய சில கேள்விகள் வெவ்வேறு பிராந்தியங்களிலிருந்து இரண்டு உதாரணம் கேட்கும். ஹிட்லரையும் முசோலினியையும் மட்டும் கரைத்துக் குடித்தவர் அங்கே மாட்டிக்கொள்வார், இரண்டுமே ஐரோப்பா. கூட சீனாவின் மாவோவோ கியூபாவின் காஸ்ட்ரோவோ வேண்டும். எச்.எல். எடுத்தால் மூன்றாம் தாளும் உண்டு: இரண்டரை மணி நேரம், மூன்று கட்டுரை. கை வலிக்கும், சொல்லிவிட்டேன்.

பொருளியல் சுலபம் என்பதையும் அப்படியே நம்பாதீர்கள். அதன் ஐ.ஏ.வுக்கு (பரீட்சைக்கு வெளியே பள்ளியிலேயே செய்து கொடுக்கும் மதிப்பீட்டு வேலை) மூன்று செய்திகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் 800 வார்த்தைக்குள் விளக்கவுரை எழுத வேண்டும். செய்தி ஒரு வருடத்துக்குள் வந்ததாக இருக்க வேண்டும். பலரும் நல்ல அலசல் கட்டுரையாகத் தேடுவார்கள். அது வேண்டாம். எல்லா அலசலையும் நிருபரே செய்து முடித்திருந்தால் நீங்கள் எழுத என்ன மிச்சம்? இனிப்பு பானங்களுக்கு வரி விதிக்கப்பட்டது, விலை இவ்வளவு ஏறியது என்று வறட்சியாக ஒரு பக்கம் இருந்தால் போதும். தேவை, அளிப்புக் கோடுகளை நீங்களே வரைந்து, வரியால் அளிப்புக் கோடு மேலே நகர்வதைக் காட்டி, சுமை வாங்குபவர் மேல் எவ்வளவு, விற்பவர் மேல் எவ்வளவு என்று பிரித்து எழுதலாம். மார்க் அங்கேதான் இருக்கிறது.

நான் எழுதிய பாடத்திட்டத்தை வைத்துச் சொல்கிறேன். ஐ.பி. சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்றும். பள்ளியில் புதிய கையேட்டைக் கேட்டு வாங்குங்கள். கையில் வந்ததும் முதலில் ஐ.ஏ. பகுதியைப் படியுங்கள். பரீட்சை சில மணி நேரத்தில் முடிந்துவிடும், ஐ.ஏ. மாதக்கணக்கில் கூடவே வரும். வரலாற்றில் நீங்களே ஒரு கேள்வியை வைத்து 2,200 வார்த்தைக்குள் ஆராய வேண்டும். அதைப் படித்ததும் சலிப்பு வந்தால் வரலாறு வேண்டாம். இதே மூன்றாம் குழுவில் வரும் தத்துவத்தின் ஐ.ஏ.வில் ஒரு கேலிச்சித்திரத்தையோ படக் காட்சியையோ எடுத்து அதிலுள்ள தத்துவச் சிக்கலை அலசலாம். எனக்கு இப்போதும் அதன்மேல் ஒரு கண் உண்டு.

அப்புறம், கல்லூரியில் பொருளியல் படிக்கப் போவதால்தான் இதை எடுக்கிறீர்கள் என்றால், முதலில் கணிதத்தைப் பாருங்கள். அந்தப் பட்டத்துக்குப் பல பல்கலைக்கழகங்கள் கட்டாயமாகக் கேட்பது பொருளியலை அல்ல, கணிதத்தைத்தான்.