கைப்பேசியில் மட்டும் கேமரா திறக்காதது பற்றி

சேலைக்கடைக்கு நீங்கள் எழுதும் வலைச்செயலி மடிக்கணினியில் கேமராவைத் திறக்கிறது, கைப்பேசியில் திறக்கவில்லை என்று கேட்டிருந்தீர்கள். நிரலில் தப்பில்லை, திறக்கும் முகவரியில்தான் தப்பு. மடிக்கணினியில் லோக்கல்ஹோஸ்ட் (கருவி தன்னையே குறிக்கும் முகவரி) என்று திறக்கிறீர்கள். சேலைக்கடைக் கைப்பேசியில் 192.168 என்று தொடங்கும் மடிக்கணினியின் உள்வலை எண்ணை அடிக்கிறீர்கள். முன்னதைக் குரோம் பாதுகாப்பானதாக எடுத்துக்கொள்ளும். பின்னது மறையாக்கம் இல்லாத வெறும் எச்டிடிபியில் வருவதால், கேமராவைத் தரும் மீடியாடிவைசஸையே மறைத்துவிடும். அதனால்தான் அனுமதிப் பெட்டிகூட வராமல் 'அன்டிஃபைன்ட்' (அப்படி ஒன்று இல்லை) என்று நிற்கிறது.

ஆத்தங்குடிக் கல் பட்டறை ஒன்றுக்கு இருப்புக் கணக்கு எழுதியபோது எனக்கும் இதிலேயே அரை நாள் போனது. கை முழுக்க சிமெண்டோடு பட்டறைக்காரர் கைப்பேசியை நீட்டிக்கொண்டு நிற்கிறார், எனக்கோ பிழை எங்கே என்று தெரியவில்லை.

இப்படிச் சோதியுங்கள்:

1. கைப்பேசியில் யூஎஸ்பி டீபக்கிங்கை (கேபிள் வழியாகப் பிழை தேடும் வசதி) இயக்கி, கேபிளில் மடிக்கணினியோடு இணையுங்கள்.
2. மடிக்கணினிக் குரோமின் இன்ஸ்பெக்ட் பக்கத்தில் (chrome://inspect) 'போர்ட் ஃபார்வர்டிங்' இருக்கும்; கைப்பேசியின் ஒரு போர்ட்டுக்கு (இணைப்பு எண்) வருவதை மடிக்கணினிக்குத் திருப்பும் வசதி அது. செயலியைச் சோதிக்க வீட் (Vite) என்ற கருவியை ஓட்டுவதாகச் சொன்னீர்கள், மாற்றாதிருந்தால் போர்ட் 5173. கைப்பேசியின் 5173-ஐ மடிக்கணினியின் லோக்கல்ஹோஸ்ட் 5173-க்குத் திருப்புங்கள்.
3. கைப்பேசியிலும் லோக்கல்ஹோஸ்ட் 5173 என்றே திறங்கள். கேமரா வந்தால் காரணம் இதுதான்.

கைப்பேசியின் கன்சோலும் (பிழைச் செய்திகள் வரும் இடம்) அதே இன்ஸ்பெக்ட் பக்கத்திலிருந்து தெரியும். விஷுவல் பேசிக் காலத்தில் எஃப்5 அழுத்தினால் நிரலும் டீபக்கரும் ஒரே பெட்டியில் ஓடின. இப்போது கருவிதான் நிரலின் பின்னால் கைப்பேசி வரை போக வேண்டியிருக்கிறது.

ஒன்று மட்டும்: இது ஆண்ட்ராய்டு குரோமில் சோதிக்கத்தான். கடையில் தினமும் ஓட, மறையாக்கம் உள்ள எச்டிடிபிஎஸ் வேண்டும். சொந்த டொமைன் இருந்தால் அதற்கான சான்றிதழை லெட்ஸ் என்க்ரிப்ட் அமைப்பு இலவசமாகத் தரும். அப்புறம், பார்கோடு படிக்க உலாவியிலேயே உள்ள பார்கோடு டிடெக்டரை நேரடியாகக் கூப்பிடுகிறீர்கள் என்றால் ஃபயர்ஃபாக்ஸில் அது கிடையாது.