பொருநையா, தாமிரபரணியா?

கேள்வி: யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் தாமிரபரணி ஆற்றின் தமிழ்ப் பெயரை, அதன் பழம்பெயரான 'பொருநை' என்று மாற்றினேன். ஒருவர் 'கிறுக்குத்தனம்' என்று எழுதிவிட்டுப் பழையபடி ஆக்கிவிட்டார். நானும் திரும்ப மாற்றலாமா?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: வேண்டாம். மாற்றி மாற்றித் திருத்தினால் இருவர் கணக்கும் முடக்கப்படலாம். அவர் பேசியது தவறு, செய்தது சரி. மக்கள் இன்று புழங்கும் பெயர்தான் 'நேம்' (முதன்மைப் பெயர்) புலத்துக்கு உரியது. பொருநையை 'ஆல்ட் நேம்' (மாற்றுப்பெயர்) புலத்தில் சேர்க்கலாம்.

அந்தத் திருத்தத்தின் கீழேயே, வசவைத் தொடாமல் எழுதுங்கள்: 'தாமிரபரணி அப்படியே இருக்கட்டும்; பொருநையை மாற்றுப்பெயராகச் சேர்க்கிறேன். மறுப்பு உண்டா?' இரண்டு மூன்று நாள் பொறுங்கள். திருத்தக் குறிப்பில் வெறுமனே 'அப்டேட்' என்று போடுவதுதான் பல சண்டைகளுக்கு விதை. காரணமும் ஆதாரமும் எழுதுங்கள். 'கிறுக்கு' என்று யாரையும் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. திட்டு தொடர்ந்தால் அந்தப் பதிவுகளின் இணைப்புகளோடு, இத்தகைய தகராறுகளைக் கவனிக்கும் தரவுப் பணிக்குழுவுக்கு (டேட்டா ஒர்க்கிங் குரூப்) எழுதுங்கள். நீங்களும் பதிலுக்குத் திட்டியிருந்தால் புகார் வலுவிழக்கும்.