தாத்தாவின் சவரக்கத்தியும் மழுங்கிய மூன்று பிட்டுகளும்

கேள்வி: என் தாத்தா பிரெஞ்சு இராணுவத்திலிருந்து ஊர் திரும்பியபோது கொண்டுவந்த மடக்குச் சவரக்கத்தி எங்கள் வீட்டில் இருக்கிறது. கொம்புப் பிடி உடைந்துவிட்டதால் புதுப் பிடி செய்தேன். ஆனால் அலகு பிடியோடு சேரும் தண்டிலுள்ள துளையில் 2 மி.மீ. பித்தளை ஆணி நுழையவில்லை. துளையைப் பெரிதாக்க லேத் பட்டறையில் கொடுத்ததில் மூன்று டிரில் பிட்டுகள் மழுங்கியதோடு, துளையைச் சுற்றி நீல வளையமும் படிந்துவிட்டது. கத்தி கெட்டுவிட்டதா?
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: கெடவில்லை என்றே நம்புகிறேன். எஃகு ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸ் சூட்டை எட்டும்போது அந்த நீலம் ஏறும். அவ்விடம் பதம் குறைந்து சற்று இளகியிருக்கும். தண்டு இளகுவதால் சவரத்துக்குக் குறைவில்லை. நீலமோ, அதற்கு முன்பே தோன்றும் வைக்கோல் மஞ்சளோ அலகின் கூர்வரை பரவியிருக்கிறதா என்று மட்டும் பகல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். பரவியிருந்தால் அந்த இடத்தில் கூர் நெடுநாள் நிற்காது.

சவரக்கத்தி சுமார் 1 சதவீதம் கரி கலந்த எஃகால் ஆனது. பதம் வைத்தபின் அதன் கடினம், உலோகத்தின் கடினத்தைக் குறிக்கும் ராக்வெல் அளவில் 60-ஐ ஒட்டி இருக்கும். சாதாரண எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல் என்னும் எஃகு) பிட்டின் கடினம் அதைவிடச் சில புள்ளிகளே கூடுதல் என்பதால், அது வெட்டாமல் உரசி, அந்த உரசலில் எழும் சூட்டிலேயே மழுங்கிப்போகிறது. சில கத்திகளில் தண்டுக்கு அவ்வளவு பதம் இருக்காது. புதிய அரத்தைத் தண்டின் ஓரத்தில் வைத்து ஒருமுறை தள்ளிப் பாருங்கள். கடித்தால் இளக்கம், கண்ணாடிமேல் போவதுபோல வழுக்கினால் கடினம்.

என் யோசனை, துளையை விட்டுவிட்டு ஆணியை மாற்றுவதுதான். பழைய கத்திகள் பலவற்றில் ஆணியின் கனம் 1.6 மி.மீ. அளவே. உங்கள் பித்தளைக் கம்பியை டிரில் மெஷினில் மாட்டிச் சுழலவிட்டு, எமரித் தாளை மடித்துப் பிடித்தால் அது விரைவில் மெலிந்து துளைக்குள் இறங்கும். நூறாண்டுகூடக் கடந்திருக்கக்கூடிய எஃகைக் குடைவதைவிடக் கடையில் வாங்கிய கம்பியைத் தேய்ப்பது எவ்வளவோ மேல்.

பெரிதாக்கியே ஆகவேண்டுமென்றால், வைரத்தூள் பதித்த மெல்லிய பிட்டை வாங்கி, தண்டை நீரில் அமிழ்த்தி வைத்து, இருபுறமிருந்தும் மாற்றி மாற்றி, அழுத்தாமல் அராவுங்கள். கைக்குச் சூடு தெரிந்தால் நிறுத்திவிடுங்கள். கூரின்மேல் தடித்த டேப் சுற்றியிருக்க வேண்டும், கண்ணாடியும் அணிய வேண்டும். எஃகைவிடக் கடினமான, ஆனால் எளிதில் உடையும் கார்பைடால் ஆன பிட் கடின எஃகையும் துளைக்கும், ஆனால் ஏற்கெனவே உள்ள துளையின் விளிம்பில் சிக்கினால் சட்டென்று முறியும். புதிதாகத் துளையிடுவதற்கு மட்டும் அது பொருந்தும். அதையும் வைஸில் இறுக்கி, நிலையான டிரில் மெஷினில்தான் செய்யவேண்டும். கையில் பிடிக்கும் மெஷினின் சிறு ஆட்டத்தைக்கூட அது தாங்காது.

வேலை முடிந்த கையோடு ஈரத்தைத் துடைத்துவிடுங்கள், ஏனென்றால் நம் கடற்காற்றில் இவ்வகை எஃகு ஓர் இரவிலேயே துருப்பிடிக்கும். தையல் மெஷின் எண்ணெயில் நனைத்த நூலைத் துளைக்குள் நான்கைந்து முறை இழுத்தபின் ஆணியை அடியுங்கள்.