அரிச்சந்திரன் டர்பனில் பள்ளிக்கூடம் போனால்: வாசகர் கேள்வி பதில்

பழைய நாடகத்தைத் தென்னாப்பிரிக்காவின் இன்றைய இளையோருக்கான படமாக எடுப்பது பற்றிக் கேள்விகள் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அரிச்சந்திரனைச் சுற்றியே இருந்தன. ஆறு கடிதங்களுக்கு இங்கே பதில்.

கேள்வி: எங்கள் தமிழ்ப் பள்ளியில் 13 முதல் 17 வயதுவரை பதினெட்டுப் பிள்ளைகள். நாற்பது நிமிடப் படம் எடுக்க ஆசை. கையில் இருப்பது விடிய விடிய ஆடும் கூத்துப் பிரதி. எங்கே வெட்டுவது?
– ஆசிரியை, சாட்ஸ்வொர்த்

பதில்: கத்தரிக்கோலை எடுக்கும் முன் எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் அட்டை. அதில் மூன்று வரி: யாருக்கு என்ன வேண்டும், யார் தடுக்கிறார், கட்டம் முடியும்போது யார் எதை இழந்தார். மூன்றாம் வரி எழுத வராத அட்டைகளைத் தனியே வையுங்கள். வேட்டை, விசுவாமித்திரர் அனுப்பும் பெண்கள் ஆடிப் பாடுவது, கட்டியங்காரன் ஊர்க்கதை பேசுவது எல்லாம் அந்தக் கட்டுக்குள் போய்ச் சேரும். கூத்தில் இவற்றுக்கு வேலை உண்டு. விடியும்வரை கூட்டம் தூங்கிவிடக் கூடாது, உள்ளே வேடம் கட்டுகிறவருக்கு நேரமும் வேண்டும். படத்துக்கு அந்த இரண்டு தேவையும் இல்லை.

மிஞ்சுவது ஆறு: வாக்குக் கொடுப்பது, நாடு போவது, விசுவாமித்திரரின் ஆள் நட்சத்திரேசன் கடனுக்குத் துரத்துவது, காசியில் மனைவியும் மகனும் விலைபோவது, மகன் லோகிதாசனைப் பாம்பு தீண்டுவது, சுடுகாடு. நாற்பது நிமிடத்தில் எட்டு நிமிடம் சுடுகாட்டுக்கே போகட்டும். தொடக்கத்தை விளக்கப் பன்னிரண்டு நிமிடம் செலவழித்துவிட்டு முடிவை மூன்று நிமிடத்தில் அடைப்பதுதான் முதல் படம் எடுப்பவர்கள் பலரும் செய்யும் தவறு. முதல் இழப்பு ஐந்தாம் நிமிடத்துக்குள் நடந்துவிட வேண்டும்.

ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற சினிமாக் கணக்கை நம்பாதீர்கள். அது ஆங்கிலத் தட்டச்சுக்கு ஏற்பட்டது, தமிழ்ப் பக்கத்துக்குச் சரிவராது. ஸ்டாப்வாட்ச் வைத்து வாய்விட்டுப் படியுங்கள். பேச்சில்லாமல் நடப்பவற்றுக்கு அதனோடு கால்பங்கு கூட்டுங்கள். 22 முதல் 26 காட்சிகளுக்குள் அடங்கினால் நாற்பது நிமிடம் வரும்.

கேள்வி: ராஜாவும் அடிமை விற்பனையும் இன்றைய டர்பனில் எங்கே இருக்கின்றன? என் வயதுப் பசங்களுக்கு இது எப்படி ஒட்டும்?
– மாணவன், 16 வயது, பீனிக்ஸ்

பதில்: தம்பி, காந்தி இந்தக் கதையை மேடையில் பார்த்து மனம் கலங்கியபோது உன்னைவிடச் சின்னப் பையன். 1893இல் டர்பனில் வந்து இறங்குவதற்கு வெகுகாலம் முன்பு அது. ஒட்டுமா என்ற கவலையை விடு. எது ஒட்டும் என்று தேடு.

இந்தக் கதையின் முடிச்சு சுடுகாட்டில் இருக்கிறது. பிணம் எரிக்க வருகிற எல்லாரிடமும் கால் பணம், முழத்துண்டு, வாய்க்கரிசி வாங்குவது அரிச்சந்திரன் வேலை. செத்த பிள்ளையோடு வந்து நிற்பவள் தன் மனைவி என்று தெரிந்த பிறகும் அதே கட்டணத்தைக் கேட்கிறான். ஊருக்கு ஒரு சட்டம், தன் வீட்டுக்கு ஒரு சட்டம் என்று அவன் வைத்துக்கொள்ளவில்லை. இந்த எலும்பை எடுத்துவிட்டால் மிச்சம் வெறும் சோகக்கதைதான். எலும்பை வைத்துக்கொண்டு சதையை மாற்று.

ஒரு வழி சொல்கிறேன். மெட்ரிக் (பள்ளியின் கடைசி ஆண்டு) வகுப்பில் படிக்கும் 17 வயதுப் பெண், மாணவர் தலைவி. தப்புச் செய்தவர் யாராக இருந்தாலும் பெயர் புத்தகத்தில் ஏறும் என்று எல்லார் முன்னும் சொன்னவள். பள்ளி முடிக்கும் மாணவர்களின் விருந்தான மெட்ரிக் டான்ஸுக்குச் சேர்த்த பணம் அவள் பொறுப்பில் இருக்கிறது. 60 பேர், ஆளுக்கு 500 ராண்ட், மொத்தம் 30,000. விசுவாமித்திரர் பொன்னைக் கேட்டு வாங்கி ‘உன்னிடமே இருக்கட்டும், பிறகு வாங்கிக்கொள்கிறேன்’ என்று வைத்துப் போகிறாரே, அதே கண்ணிதான் இது. பணம் காணாமல் போகிறது. ‘என் பொறுப்பு, நான் கட்டுகிறேன்’ என்கிறாள். தலைவி பதவி போகிறது, நாடு போனது போல. தன் செல்பேசியை விற்கிறாள். வாரக் கடைசியில் சாட்ஸ்வொர்த்தின் பங்களாதேஷ் மார்க்கெட்டில் காய்கறிக் கடையில் நிற்கிறாள். அம்மா தன் சங்கிலியை அடகு வைக்கிறாள். கடைசியில், எடுத்தது ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் தன் தம்பி என்று தெரிகிறது. புத்தகம் அவள் கையில் இருக்கிறது. பேனாவும் இருக்கிறது.

தேவசபையில் வசிட்டரும் விசுவாமித்திரரும் பந்தயம் கட்டும் இடத்தை என்ன செய்வது என்று பலர் திணறுவார்கள். நமக்கு அது எளிது. இடைவேளையில் நாலு பேர் துன்னி என்ற சீட்டாட்டம் ஆடட்டும். ஆறு கையையும், அதாவது ஆறு சுற்றையும், தானே பிடிப்பேன் என்று ஒருவன் ‘துன்னி’ சொல்கிறான். அதில் ஒரு கையைத் தன் கூட்டாளி பிடித்துவிட்டாலும் சொன்னவன் தோற்றான். படத்தின் முடிவு முழுக்க அந்த விதியில் இருக்கிறது. யாரும் அதை விளக்க வேண்டாம். சீட்டைக் காட்டு, முகத்தைக் காட்டு, மேலே போ. ‘அவள் பொய்யே சொல்ல மாட்டாளாம்’ என்று அதே மேசையில் பேச்சு எழட்டும்.

நட்சத்திரேசனை மட்டும் யார் சொன்னாலும் நீக்காதே. சிரிக்கவும் வைப்பான், வயிற்றையும் கலக்குவான். இன்றைக்கு அவன் செல்பேசிக்குள் இருப்பான்: இரவு இரண்டு மணிக்குக் குரல் செய்தி, வகுப்புக் குழுவில் ‘இன்னும் 19 நாள்’ என்று ஒரு வரி. அவள் தன் செல்பேசியை விற்ற பிறகு அந்தச் செய்திகள் அம்மாவின் செல்பேசிக்கு வரத் தொடங்கும். அம்மாவுக்கு விஷயம் தெரிய வருவது அப்படித்தான். சார்ஜ் தீர்ந்தது, சிக்னல் இல்லை என்று சிக்கலை நீட்டுகிறவர்கள் உண்டு. ஒரு தடவை செய்தாலே பார்க்கிறவர் நம்பிக்கை போய்விடும். செல்பேசி செய்தியைக் கொண்டு போகட்டும், ஆனால் கேட்கக் கூடாதவர் கேட்கட்டும்.

கேள்வி: பிரதியைப் படித்த என் மகள், ‘பெண்டாட்டியையும் பிள்ளையையும் விற்க இவனுக்கு யார் உரிமை கொடுத்தது?’ என்று கோபப்பட்டாள். என்ன சொல்வது?
– தாய், லெனேஷியா

பதில்: உங்கள் மகள் கேட்டது நியாயம். அந்தக் கேள்வியைப் படத்துக்குள் கொண்டுவாருங்கள். மார்க்கண்டேய புராணத்தில் தன்னை விற்றுக் கடனை அடைக்கச் சொல்பவள் மனைவிதான். மேடையில் அந்த இடம் பாட்டோடு கடந்துபோய்விடுகிறது. படத்தில் அது நடுப்பகுதி, இருபதாம் நிமிடம். அம்மா சங்கிலியைக் கழற்றும்போது மகள் தடுக்கட்டும். ‘நீ கொடுத்த வாக்குக்கு நாங்கள் ஏன் கட்ட வேண்டும்?’ என்று தம்பி கேட்கட்டும். கேட்கிறவனே எடுத்தவன் என்பது பின்னால் தெரியும்போது அந்த வசனத்துக்கு இன்னொரு கூர் வரும். யாரும் உடனே பதில் சொல்லக் கூடாது. பெரியவர் ஒருவர் வந்து ‘சத்தியம் வெல்லும்’ என்று பேசினால் அந்த நொடியிலேயே பிள்ளைகள் படத்தை விட்டு வெளியேறிவிடுவார்கள்.

கேள்வி: நடிக்கும் பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வராது. முழுக்க ஆங்கிலத்தில் எடுத்துவிடலாமா?
– பெற்றோர் சங்க உறுப்பினர், வெருலம்

பதில்: வேண்டாம். பிசேயின் ‘கார்மென்’ 1875இல் பாரிஸ் மேடையேறிய இசைநாடகம். அதைக் கேப் டவுனின் கயலிட்ஷா குடியிருப்பில் வைத்துக் கோசா மொழியில் பாடி எடுத்த படம் 2005இல் பெர்லின் விழாவில் தங்கக் கரடி விருது வாங்கியது. இந்த நாட்டில் எடுத்த படம் அது. சொந்த மொழியில் எடுத்தால் யார் பார்ப்பார்கள் என்ற பயத்துக்கு அதுவே விடை.

அதற்காகப் பள்ளிக்கூடக் காட்சியில் பிள்ளைகள் செந்தமிழ் பேசினால் பொய்யாக இருக்கும். அங்கே ஆங்கிலம். பாட்டியின் அடுப்படியில் தமிழ். சாமி விளக்கு முன் சொல்லும் வாக்கு தமிழ். ஒப்பாரி தமிழ். இப்படி நாலு இடம் பிரித்துக்கொண்டால் மொழி மாறும்போதே ‘இப்போது பேசுவது பெரிய விஷயம்’ என்று காதுக்குத் தெரிந்துவிடும். தமிழ் தெரியாத பிள்ளைக்கு எழுத்தைக் கொடுக்காமல் பாட்டியின் குரலைப் பதிவு செய்து கொடுங்கள். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், மூன்று வாரம். ஒரு ஷாட்டில் இரண்டு வாக்கியத்துக்கு மேல் வேண்டாம். நேட்டாலில் நாலைந்து தலைமுறையாகப் புழங்கும் உச்சரிப்பைச் சென்னைத் தமிழாகத் திருத்தாதீர்கள். அந்தப் பேச்சு இந்த மண்ணில் விளைந்தது, படத்தின் சொத்து.

அடிவரி (சப்டைட்டில்), தலைப்பு பற்றி இரண்டு எச்சரிக்கை. ஆங்கில அடிவரி ஒரு வரிக்கு 42 எழுத்துக்குள், ஒரே நேரத்தில் இரண்டு வரி, திரையில் குறைந்தது ஒரு நொடி, அதிகம் போனால் ஏழு நொடி. பாட்டை அடிக்கு அடி மொழிபெயர்க்காமல், நாலு அடிக்கு ஒரு கருத்து என்று போடுங்கள். அடுத்தது, தமிழ் எழுத்தில் தலைப்புப் போடும்போது சில எடிட்டிங் மென்பொருள்களில் கொம்பும் காலும் எழுத்தை விட்டுத் தள்ளிப்போகும், ‘கொ’ உடைந்து நிற்கும். தெற்காசிய எழுத்துக்கான அமைப்பை மாற்றினால் சரியாகும். ஆகவில்லையா, தலைப்பை வேறு மென்பொருளில் படமாகச் செய்து ஒட்டிவிடுங்கள். வெளியிடும் முன் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் ஒவ்வோர் எழுத்தையும் பார்த்தாக வேண்டும்.

கேள்வி: பழைய நாடகங்களுக்கு யாரிடமாவது உரிமை வாங்க வேண்டுமா?
– கோயில் இளைஞர் குழு, பீட்டர்மரிட்ஸ்பர்க்

பதில்: தென்னாப்பிரிக்காவில் எழுத்தாளர் இறந்த ஆண்டு முடிவிலிருந்து 50 ஆண்டு, இந்தியாவில் 60 ஆண்டு. சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் மறைந்தார். அவர் நாடகங்கள் எங்கும் தடையில்லை. பம்மல் சம்பந்த முதலியார் மறைந்தது 1964. இங்கே 2015 முதலும் இந்தியாவில் 2025 முதலும் அவர் எழுதியவற்றைத் தாராளமாக எடுக்கலாம். ஆனால் ‘மனோகரா’ என்று நினைத்ததும் வாயில் வருவது 1954ஆம் ஆண்டுப் படத்துக்குக் கருணாநிதி எழுதிய வசனம். பம்மல் எழுதிய நாடகம் வேறு, அந்த வசனம் வேறு. மாட்டிக்கொள்வது இங்கேதான். பாட்டும் அப்படியே. பாட்டு பழையதாக இருந்தாலும் அதைப் பாடிய ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை உண்டு. உள்ளூர்ப் பாடகரையும் மிருதங்கக்காரரையும் வைத்துப் புதிதாகப் பதிவு செய்யுங்கள். சிக்ஸ் ஃபுட் டான்ஸ் என்று இங்கே பெயர்பெற்ற நம் தெருக்கூத்தின் வாத்தியாரிடம் வாய்வழிப் பாடம் வாங்கினால், அவரிடம் கேட்டு, பணம் கொடுத்து, பெயரும் போடுங்கள். சட்டம் கேட்கிறதோ இல்லையோ, அது முறை.

இன்னொன்று: 15 வயது நிறையாத பிள்ளையைக் கலைப்பணிக்குக் கூலிக்கு அமர்த்தினால் தொழிலாளர் துறை அனுமதி வேண்டும். பொது இடத்தில் எடுக்க நகராட்சி அனுமதி வேண்டும்.

கேள்வி: மேடையில் நன்றாக நடிப்பவர்கள் கேமரா முன் கத்துவது போல இருக்கிறது. கடைசியில் மனைவியை வெட்ட ஓங்கிய கத்தி மாலையாக மாறும் இடத்தில் வகுப்பே சிரித்துவிட்டது. இரண்டுக்கும் வழி சொல்லுங்கள்.
– மாணவி, 15 வயது, டோங்காட்

பதில்: மேடை நடிகர் கடைசி வரிசைக்குப் பேசப் பழகியவர். ‘சத்தத்தைக் குறை’ என்று சொன்னால் உயிரும் சேர்ந்து குறைந்துவிடும். ஒத்திகையில் ஒரு தடவை முழுக் கூத்துக் குரலில் பேசச் சொல். உடனே அதே வசனத்தை, தூங்கும் குழந்தை பக்கத்தில் இருப்பது போல் பேசச் சொல். மூன்றாம் தடவை கேமராவை ஓடவிடு. உணர்ச்சி முதல் தடவையிலிருந்தும் அளவு இரண்டாம் தடவையிலிருந்தும் வந்து சேரும். மைக் மோவாய்க்குக் கீழே 15 முதல் 20 சென்டிமீட்டரில் இருக்கட்டும். ஒவ்வோர் இடத்திலும் யாரும் பேசாமல் 30 நொடி வெறும் அறைச் சத்தத்தைப் பதிவு செய், எடிட்டிங்கில் ஒட்டுப் போட அது வேண்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் செல்பேசியில் நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 என்று வை. 24, 30 என்று விட்டால் டியூப்லைட் வெளிச்சம் படத்தில் துடிக்கலாம். ஜூன் மாதத்தில் எடுத்தால் மழைத் தொல்லை குறைவு, ஆனால் ஐந்து மணி வாக்கில் வெளிச்சம் போய்விடும். வெளிக்காட்சிகளை மூன்றரைக்குள் முடி.

இனி மாலை. நிஜ உலகம் போல எடுத்த படத்தில் அற்புதம் நடந்தால் சிரிப்பு வரத்தான் செய்யும். அந்த அற்புதத்தைப் பொருளாக மாற்று. நாடகத்தில் கணவன் கண்ணுக்கு மட்டும் தெரியும் தாலியால்தான் சந்திரமதியை அவன் அடையாளம் காண்கிறான். நம் கதையில் அது அம்மாவின் சங்கிலி. நான்காம் நிமிடத்தில் அது அவள் கழுத்தில் சாதாரணமாகத் தெரியட்டும், பாத்திரம் தேய்க்கும்போது ஆடட்டும். இருபதாம் நிமிடத்தில் அடகுக்கடை மேசைமேல். அதன்பிறகு வெறும் கழுத்தை இரண்டு தடவை காட்டு, யாரும் அதைப் பற்றிப் பேச வேண்டாம். தம்பியின் பெயரைப் புத்தகத்தில் எழுதும் காட்சியை அவள் கையின் மேல் மட்டும் எடு. பெயர் முடிவதற்குள் வெட்டு. அடுத்தது அடகுக்கடை. பெயர் ஏறிய தம்பியே மிச்சப் பணத்தைக் கம்பிக்குள் நீட்டி, சங்கிலியை வாங்கி அம்மா கழுத்தில் போடுகிறான். கொக்கி முதல் தடவை மாட்டக் கூடாது, அவன் விரல் நடுங்க வேண்டும். பாட்டு, பின்னணி இசை எதுவும் வேண்டாம், நாற்பது நொடி. வெளியே டாக்சிகள் ஹார்ன் அடிக்கும் சத்தம் கேட்டால் போதும். அதை மறக்காமல் தனியாகப் பதிவு செய்துகொள்.